பஸ் அண்ணன் நடத்தி வைத்த கல்யாணம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நாள் முழுக்க மண்ணைக் கிளறிப் பரிசோதிக்கிறவளுக்கு என்ன வந்துவிடும்? பாப்பாவுக்குச் சளி விட்டதா? அத்தானுக்கு இன்னும் லிப்டு லிப்டாக ஏறி இறங்கும் வேலைதானா?

உட்கார்ந்துகொண்டு படி. கிரேன்காரருக்குச் சரி சொல்லிவிட்டேன். போன வாரம் கிரேன் கூண்டில் இருந்தபடியே சைகையில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. இறங்கி வந்து வாயால் கேட்டார். நான் யோசித்துக்கொண்டே நின்றேன். "சீக்கிரம் சொல்லுங்க, மேல திரும்ப ஏறணும், முட்டி வலிக்குது" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வேறென்ன சொல்ல?

கல்யாணம் நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை, உன் ஊரில். அம்மா அப்பா இல்லாத நமக்கு உன் வீடுதானே தாய்வீடு. இந்த அணைக்கட்டில் பாறை உச்சிக்கு ஏறினால்தான் போன் கிடைக்கிறது. அதனால் எல்லாம் கடிதம்தான். செவ்வாய்க்கிழமை சாமான் லாரியில் தபால் வரும்.

எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். உன் கல்யாணத்தை நடத்தி வைத்தாரே, என் கல்லூரி பஸ் ஓட்டுநர், நம் பஸ் அண்ணன், அவர்தான் எனக்கும் நடத்தி வைக்க வேண்டும். "கல்யாணம் நடத்தி வைக்கிற லைசென்ஸ் இருந்தா போதுமா? ஒரு டிரைவரா?" என்று அன்றைக்கு நீ முகத்தைத் தூக்கினாய். நான்தான் அழுது பிடித்து அவரைக் கொண்டுவந்தேன். "முன் சீட்டுக்காரர் பின் சீட்டுக்காரரை ஏசக் கூடாது, வண்டி ஒண்ணுதான்" என்று அவர் ஆரம்பித்ததும் கூடம் முழுக்கச் சிரித்தது. முடிக்கும்போது பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். அவரைப் பார்த்துத் தேதி சொல்லிவிடு.

பாப்பாவின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.

உன் தங்கச்சி

*

ஜூன் 13

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு தடவை அழுகை, மூன்றாவது தடவை கவலை. முட்டி வலிக்கிறவருக்கு ஏன் கிரேன் வேலை? டாக்டரிடம் காட்டினாரா? சிரிக்காதே, கேட்டு எழுது.

பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. ஆனாலும் தூங்கும்போது மூச்சை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏழு மாதக் குழந்தைக்கு நிமிடத்துக்கு முப்பத்தைந்து சரிதானே? எண்ணி முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உன் அத்தானுக்கு வேறு நகரத்துக் கிளையில் தலைமை மெக்கானிக் வேலை தருகிறார்களாம். கைக்குழந்தையோடு எப்படிப் போவது என்றேன். பேச்சு வளர்ந்தது. "தனி ஆளா இருந்திருந்தா பெட்டிய தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். விடு, எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

பஸ் அண்ணனைப் பார்ப்பதற்கு முன் பதிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன். திருமணம் நடத்தி வைப்பவர்களின் பதிவேடு அங்கே மேசை மேலேயே கிடக்கிறதாம். பேர் இருக்கிறதா, லைசென்ஸ் ஓடுகிறதா என்று என் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். என்னைத் தெரியும் அல்லவா?

வேளைக்குச் சாப்பிடு. பாறையில் தனியாக ஏறாதே.

அன்புடன் அக்கா

*

ஜூன் 24

பெறுநர்: திருமணப் பதிவு அலுவலர்

ஐயா / அம்மையீர்,

நேற்று தங்கள் அலுவலகத்தில், திருமணம் நடத்தி வைப்பவர்களின் பதிவேட்டைப் பார்வையிட்டேன். அதில் வரிசை எண் 212இல் உள்ளவர் எனக்கும் என் கணவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மார்ச் 12 அன்று திருமணம் நடத்தி வைத்தவர். அவருடைய முந்தைய உரிமம் அதே ஆண்டு பிப்ரவரி 28இல் முடிந்ததாகவும், புதிய உரிமம் ஏப்ரல் 6இல் தொடங்கியதாகவும் பதிவேட்டில் உள்ளது.

அப்படியானால் மார்ச் 12 அன்று அவருக்கு உரிமம் இருந்ததா? இல்லையென்றால் எங்கள் திருமணம் செல்லுமா? எங்களுக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் "எழுதிக் குடுங்க, பாத்துச் சொல்றோம்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். சீக்கிரம் பார்த்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

*

ஜூலை 2

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பாப்பா தவழ ஆரம்பித்திருக்கிறாள்.

பஸ் அண்ணன் சரிப்பட மாட்டார் என்று தோன்றுகிறது. வயதாகிறது, நவம்பரில் கல்லூரி வேலை வேறு இருக்கும். நான் மற்றவர்களைப் பார்த்து வருகிறேன். இதுவரை மூன்று பேர்.

முதலாமவர் நீச்சல் பயிற்சியாளர். கழுத்தில் விசில் தொங்குகிறது. "நான் மூணு எண்ணுவேன், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சம்மதம்னு சொல்லணும்" என்றார். நீ குதித்துவிடுவாய் என்று பயந்து வந்துவிட்டேன். இரண்டாமவர் மருந்துக்கடைக்காரர். உறுதிமொழியைக் காலை, மாலை, சாப்பாட்டுக்குப் பின் என்கிற தொனியில் வாசித்துக் காட்டினார். மூன்றாமவர் சின்னப் பிள்ளை. சொந்தமாகப் பாட்டு எழுதி வைத்திருக்கிறான். பதினோரு சரணம். பாப்பாவே அழுது காப்பாற்றினாள்.

இன்னும் தேடுகிறேன். கிரேன்காரரின் முட்டி எப்படி?

அக்கா

*

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. கோபத்துக்கும் குறைவில்லை.

விசில்காரரைப் படித்துவிட்டுச் சிரித்தேன், சரி. ஆனால் பஸ் அண்ணனை நீ போய்ப் பார்க்கவே இல்லையாமே? நானே அவருக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். "அம்மாடி, உனக்கு இல்லாத சனிக்கிழமையா? வண்டியைத் தள்ளிக்கிட்டாவது வந்துடுவேன்" என்று பதில் வந்திருக்கிறது. பதிவேட்டில் அவர் பேர் இருக்கிறதாம், லைசென்ஸ் இன்னும் நாள் இருக்கிறதாம். பிறகு என்ன குறை?

அவர் டிரைவர் என்பதுதான் உனக்கு இன்னமும் உறுத்துகிறதா? நேரடியாகச் சொல்.

பாப்பாவுக்கு என் முத்தம். உனக்கு இந்த வாரம் கிடையாது.

தங்கச்சி

*

ஜூலை 14

திருமணப் பதிவு அலுவலகம்

பொருள்: தங்கள் ஜூன் 24 நாளிட்ட கடிதம்

மேற்படி தேதியில் வரிசை எண் 212க்குச் செல்லத்தக்க உரிமம் இல்லை. எனவே தங்கள் திருமணம் இன்றைய நிலையில் சட்டப்படி நடந்ததாகக் கருத இயலாது.

எனினும், இருவரும் மனமுவந்து இத்துடன் உள்ள உறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டு 90 நாட்களுக்குள் ஒப்படைத்தால், திருமணம் முதல் தேதியிலிருந்தே செல்லத்தக்கதாகப் பதிவு செய்யப்படும். இருவரில் ஒருவர் விரும்பாவிட்டாலும் படிவம் ஏற்கப்படாது. அந்நிலையில் இருவரும் மணமாகாதவர்களாகவே கருதப்படுவர்.

குழந்தையின் பிறப்புப் பதிவில் மாற்றம் எதுவும் இல்லை.

இணைப்பு: படிவம் 1

*

ஆகஸ்ட் 9

தங்கச்சிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது இல்லை.

டிரைவர் என்பது காரணமில்லை. அவர் நல்ல மனிதர். ஆனாலும் அவர் வேண்டாம். ஏன் என்று கேட்காதே, அக்கா சொன்னால் கேள். கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது, நல்லவராகப் பார்த்துத் தருகிறேன்.

உன் அத்தான் சுகம். கொஞ்சம் மௌனம். நானும்தான்.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அக்கா,

எல்லோரும் சுகமென்று எழுதுகிறாய். எழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பாப்பாவின் மூச்சு முப்பத்தைந்தா முப்பத்தாறா என்று இரண்டு பக்கம் எழுதுகிறவள் காய்ச்சலை ஒரே வரியில் முடித்திருக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்யாணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பஸ் அண்ணன் ஏதாவது தப்பு செய்தாரா? அத்தானுக்கும் உனக்கும் ஏதாவதா? உண்மையைச் சொல்லாவிட்டால் அடுத்த லாரியில் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாவது வந்து இறங்குவேன். கிரேன்காரரும் கூட வருவார். முட்டியோடு.

தங்கச்சி

*

செப்டம்பர் 6

அன்புத் தங்கச்சிக்கு,

வராதே, எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணத்தன்று பஸ் அண்ணனின் லைசென்ஸ் காலாவதியாகிப் பன்னிரண்டு நாள். அவர் அதைப் புதுப்பித்தது ஏப்ரலில். ஆகவே, சட்டப்படி உன் அத்தானும் நானும் யாரோ யாரோ. இருவரும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும். அக்டோபர் 12 கடைசி நாள். ஒருவர் மாட்டேன் என்றாலும் கிடையாது. அவரைக் கூட்டி வந்தது நீ. அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை. உன் தப்பு ஒரு துளியும் இல்லை, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

அத்தானிடம் சொல்லாததற்குக் காரணம் வேறு. "தனி ஆளா இருந்திருந்தா" என்றார் அல்லவா? இப்போது அவர் நிஜமாகவே தனி ஆள். அது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இதை வைத்துக்கொண்டு இரண்டரை மாதமாகச் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன்.

இப்போது சொல்லப்போவதற்கு என்னைத் திட்டு. உன் அத்தான் எந்தக் காகிதத்தையும் படிக்க மாட்டார். தடுப்பூசி அட்டை, வாடகைப் பத்திரம், எதுவானாலும் நான் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போவார். போன மாதக் கடைசியில், அவர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, கேஸ் இணைப்புத் தாளோடு சேர்த்து அந்தப் படிவத்தையும் நீட்டினேன். விரல் வைத்தேன். போட்டார். "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் என் கல்யாணம் தப்பித்துவிட்டது.

அன்று பிற்பகலில்தான் உனக்காக நான்காமவரைப் பார்க்கப் போனேன். கடைத் தராசுகளைச் சோதிக்கிற அரசு ஊழியர், நாற்பது வயது இருக்கும். ஓய்வு நாளில் கல்யாணம் நடத்தி வைக்கிறார். எல்லோரும் எடை அம்மா என்கிறார்கள். மேசை மேல் எடைக்கல் பெட்டி. ஒரு கல்லை எடுக்கப் போனேன். "கை படக் கூடாது, வேர்வை ஒட்டினா எடை மாறிடும்" என்று மூடிவிட்டார். பேச்சும் அதே கறார்தான்.

"ரெண்டு நாள் முன்னாடி மாப்பிள்ளை பொண்ணைத் தனித்தனியா கூப்பிடுவேன். உங்களுக்குச் சம்மதமான்னு ஒரே கேள்வி. டக்குனு வர்ற சரியை நான் எழுதிக்க மாட்டேன்."

"ஏங்க, சரின்னா சரிதானே?" என்றேன்.

"தட்டுல சாமானைப் போட்ட உடனே முள்ளைப் பாத்து எடை சொல்லுவீங்களா? அது ஆடி நிக்கணும்ல?"

"நின்னுட்டு வேற பக்கம் சாஞ்சிட்டா?"

"அதுக்குத்தானே எடை போடறது" என்றார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பையில் இருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'மனமுவந்து' என்று இருந்தது. கீழே ஷூ மாட்டிக்கொண்டே போட்ட கிறுக்கல். எனக்குத் தெரிய வேண்டியது இவருக்கு நான் வேண்டுமா என்பது. அதற்கு அந்தக் கிறுக்கல் பதில் இல்லை. நான்காகக் கிழித்துவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் புதுப் படிவம் வாங்கினேன். "போன தடவை குடுத்தது என்னாச்சு?" என்றார் கவுண்டர்க்காரர். "குழந்தை கிழிச்சிட்டா" என்றேன். பாவம், பாப்பா மேல் முதல் பழி.

புதுப் படிவம் அரிசி டப்பாவின் மூடிக்கு அடியில் இருக்கிறது. சொல்ல வேண்டும். தினமும் இன்றைக்கு என்று நினைக்கிறேன்.

உனக்கு எடை அம்மாதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முடிவு உன்னுடையது.

அக்கா

*

செப்டம்பர் 15

என் அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது.

என் தப்பு இல்லை என்று எழுதிவிட்டாய். லைசென்ஸைப் பார்க்கச் சொன்னவள் நீ, "அவரையா சந்தேகப்படறே?" என்று உன் வாயை அடைத்தவள் நான். அதை நீ மறந்திருக்கலாம், எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதை நான் ஒரு ஓரமாக வைத்துக்கொள்கிறேன். நீ சமாதானம் சொல்ல வேண்டாம்.

கிழித்தது நல்லது. முதலில் போட வைத்தாயே, அதற்கு நேரில் வந்து திட்டுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அத்தானிடம் சொல். அரிசி தீர்ந்து அவரே டப்பாவைத் திறந்துவிடப் போகிறார். நீ சொன்ன பிறகுதான் பஸ் அண்ணனுக்கு எழுதுவேன்.

எடை அம்மாவையே பேசிவிடு. நான் கிரேன்காரருக்குச் சிரிப்பில் சரி சொன்னவள். ஒரு தடவை முள் நிற்கட்டும், பார்க்கலாம். அவரிடம் சொன்னேன். "எனக்கு ஏற்கெனவே நின்னுடுச்சு" என்கிறார். தைரியசாலி.

தங்கச்சி

*

செப்டம்பர் 23

அன்புள்ள மச்சினிக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நலம், நலமே வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிப்டில் 'பழுது' என்று போர்டு எழுதித் தொங்கவிடுவதோடு சரி.

நேற்று உங்கக்கா ஒரு தாளை வைத்தாள். வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டு, "படிங்க" என்றாள். படித்தேன். புரியவில்லை. இன்னொரு தடவை படித்தேன். புரிந்துவிட்டது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், முன்பு ஒன்றில் போட வைத்துக் கிழித்ததையும் சேர்த்து. எனக்குக் கோபம் வந்தது. லைசென்ஸுக்கு இல்லை. நான் ஓடிப்போய்விடுவேன் என்று மூன்று மாதம் ஒருத்தி என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு நினைத்திருக்கிறாளே, அதற்கு. நான் சொன்ன சொல் அப்படி என்பதும் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதன்பிறகு ஒன்றைப் பார்த்தேன். "உன் கையெழுத்து எங்க?" என்று கேட்டேன். அவள் இடம் காலி. "கிழிச்சதுல போட்டிருந்தியா?" என்றேன். யோசித்துவிட்டு, இல்லை என்றாள். முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

"என்னையே பாத்துக்கிட்டு இருந்திருக்கே. உனக்கு வேணுமான்னு நீ பாரு. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். இப்போது பதினாலாவது மாடியில் லிப்டு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முறுக்கிய போல்ட்டையே மூன்றாவது தடவையாக முறுக்கிவிட்டேன். அக்காவிடம் சொல்லாதே.

அத்தான்

*

அக்டோபர் 3

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்குக் கீழே ஒரு பல் தெரிகிறது. காய்ச்சல் இல்லை. உன் அத்தான் உனக்குக் கடிதம் போட்டதாகக் கேள்வி. என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

என் கையெழுத்தைப் போட எனக்கு நான்கு நாள் ஆனது. இரண்டரை மாதம் அவர் போடுவாரா மாட்டாரா என்று உயிரை விட்டவள், என்னை ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டதும் உடனே பதில் வரவில்லை, தங்கச்சி. அதுதான் பயமாக இருந்தது. இவர் இல்லாவிட்டால் என்ன என்று கணக்காக நினைத்துப் பார்த்தேன். வேலைக்குத் திரும்பலாம். வேறு நகரத்துக்குப் போக வேண்டாம். வாசலில் குறுக்கே கிடக்கும் ஷூ தடுக்கி விழ வேண்டாம். இப்படியே இரண்டு நாள் அந்தப் பக்கம்தான் கனமாக இருந்தது. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் அவரிடமே சொன்னேன், பாப்பாவுக்கு ஒரு வயது ஆனதும் நான் வேலைக்குப் போவேன், எந்த ஊராக இருந்தாலும் என்று. "இதை இப்பதான் கேக்கறேன்" என்றார். "இப்பதான் சொல்றேன்" என்றேன். அவர் சரி என்று உடனே சொல்லவில்லை. குழந்தையை யார் பார்ப்பது, அவருடைய ஷிப்டு எப்படி என்று ஒரு மணி நேரம் பேசினோம்.

நான்காம் நாள் பகலில் பாப்பா தூங்கும்போது வழக்கம்போல் மூச்சை எண்ணினேன். ஆகஸ்ட் காய்ச்சல் ஞாபகம் வந்தது. நான் பயந்து போன் செய்தபோது அவர் ஏதோ ஒரு லிப்டின் கூரை மேல் இருந்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "நீ அங்க எண்ணு, நான் இங்க கடிகாரம் பாக்கறேன்" என்றார். அரை மணி நேரம் இருவரும் எண்ணினோம். என் பயத்தைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்; நீ சிரிப்பாய். கையில் கிடைத்த பேனாவை எடுத்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் அவர் வந்தார், கையைக் கழுவினார், உட்கார்ந்து மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார், போட்டார். வேறு நகரத்துச் சண்டை அப்படியேதான் இருக்கிறது. இன்று காலையில்கூட நடந்தது.

பஸ் அண்ணனும் வந்தார், உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. உள்ளே வர மாட்டேன் என்று படியிலேயே நின்றார். "வண்டி லைசென்ஸ் அஞ்சு வருஷம்மா. இதுவும் அஞ்சுதான்னு ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு வெச்சிருந்தேன். இது மூணுன்னு ஏப்ரல்ல ஆபீஸ்ல சொல்லித்தான் தெரியும், நடுவுல உங்க கல்யாணம் வந்ததை யோசிக்கவே இல்ல. இருபத்தாறு வருஷத்துல ஒரு அபராதச் சீட்டு வாங்கினதில்ல நான்" என்று கண் கலங்கினார். உன் அத்தான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். உன் கல்யாணத்துக்கு அணைக்கட்டு ஆட்களை எல்லாம் அவர் பஸ்ஸில் ஏற்றி வருவதாக ஏற்பாடு. எடை அம்மாவிடம் சனிக்கிழமையை உறுதி செய்துவிட்டேன். உங்கள் இருவரையும் வியாழக்கிழமை தனித்தனியாக வரச் சொல்கிறார். அவருடைய லைசென்ஸுக்கு இன்னும் இரண்டு வருஷம் நாலு மாதம் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன், நகலும் எடுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் மூவருமாகப் போய்ப் படிவத்தைக் கொடுத்தோம். கவுண்டர்க்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு கையெழுத்து நீலம், ஒண்ணு கறுப்பு. ஏன், ஒரே பேனா இல்லையா?" என்றார். "வேற வேற நேரத்துல போட்டோம்" என்றார் உன் அத்தான். அதற்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்று முத்திரையைக் குத்தித் தந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா